வாடகை வீடும் மனித மதிப்பும்

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதன. முன்னிரண்டையும் விற்கும் கடைக்காரன் வாங்குவோனின் இனத்தைக் கேட்பதில்லை. காசைப் பெற்றுப் பொருளைக் கொடுக்கிறான். மூன்றாவதற்கு மட்டும், காசை நீட்டிய பின்னரும் "நீ யார்?" என்னும் கேள்வி பிறக்கிறது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாடகைக்கு வீடு தேடிய தமிழர் பலர் இதனை அறிவர். "இந்தியர் வேண்டா" என்று விளம்பரத்திலேயே எழுதுவோரும் உளர். "வீடு போய்விட்டது" என்று தரகர் வாயால் சொல்லுவிப்போரும் உளர். இது நியாயந்தானா என்பதே இங்கு நாம் ஆராயப்புகும் பொருள்.

வீட்டுக்காரர் கூறும் சமாதானம் இது: "வீடு என்னுடையது; வங்கிக் கடனைக் கட்டுபவனும் நானே. யாரைக் குடிவைப்பது என்பது என் இஷ்டம். முன்பிருந்தவர் வாடகை பாக்கி வைத்துப் போனார்." இதில் உண்மை சிறிதும் இல்லை என்று தள்ளிவிட முடியாது. வாடகை தவறக் கூடாது, வீடு பழுதாகக் கூடாது என்று எதிர்பார்க்க அவருக்கு உரிமையுண்டு. முன்பணமும் உடன்படிக்கையும் அதற்காகவே ஏற்பட்டன. ஆயின் ஒருவன் வைத்த பாக்கியை அவன் இனத்தார் அனைவர் பேரிலும் எழுதுவது எந்தக் கணக்கு? மேலும், வீட்டின் மதிப்பு செங்கல்லில் மட்டும் இல்லை. அருகிலுள்ள ரயில் நிலையம், பள்ளிக்கூடம், சாலை ஆகியவற்றால் வாடகை உயர்கிறது. அவை பொதுப்பணத்தில் அமைந்தவை. அப்பணத்தில் ஒதுக்கப்பட்டவன் செலுத்திய வரியும் கலந்திருக்கிறது.

ஒதுக்கப்பட்டவனுக்கு நேர்வது மனக்கசப்பு மாத்திரமன்று. பல கதவுகள் மூடியிருக்க, திறந்திருக்கும் சில கதவுகளில் கேட்ட வாடகையைக் கொடுக்கவேண்டியவனாகிறான். அல்லது வேலைத்தலத்துக்கு வெகுதூரத்தில் குடியேறுகிறான். தோட்டத்துத் தமிழருக்கு இத்துன்பம் இரட்டிப்பு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது வேலை போன கையோடு வீடும் போயிற்று. பல தலைமுறை உழைத்த குடும்பங்கள் பட்டணத்தில் வாடகைக் குடித்தனக்காரராகப் புதிதாய்த் தொடங்கின.

சட்டம் இதனைத் தீர்க்காதா எனலாம். சிங்கப்பூரில் 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. இன்று குடிமக்களில் பெரும்பாலோர் அதன் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். இனங்கள் தனித்தனியே திரளாதிருக்க 1989-இல் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. நோக்கம் நன்று. எனினும் வரம்பு நிறைந்த கட்டடத்தில் வீட்டை விற்கப்போகும் சிறுபான்மையோர்க்கு வாங்குவோர் குறைந்தனர், விலையும் தாழ்ந்தது. இக்கஷ்டத்தைக் கருதியே 2022 முதல் அத்தகையோர் சிலரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது. சட்டம் மக்களை ஒரே மாடியில் வைக்கலாம். ஒருவரையொருவர் மதிக்கும் மனத்தை அதனால் கட்டித்தர இயலாது.

இனி நம்மவரைப் பார்ப்போம். நம்முள் வீடு உடையோர், வாடகைக்கு வருபவரை எப்படி வரவேற்கின்றனர்? "சொந்த ஊர் எது? குலதெய்வம் எது?" என்று சுற்றிவளைத்துச் சாதியைத் துருவுவோர் இல்லையா? வங்காளதேசத்துத் தொழிலாளியைக் கண்டதும் கதவைச் சாத்துவோர் இல்லையா? அக்காலத் தோட்டங்களில் லயங்களையே சாதிவாரியாகப் பிரித்ததும் உண்டு. தன் வாசலில் சாதி கேட்பவன் பிறர் வாசலில் நீதி கேட்கும் உரிமையை இழந்தான் என்று நாம் சொல்லவில்லை. அநீதி யாருக்கு நேரினும் அநீதியே. ஆயினும் அவன் சொல்லுக்கு வலு எங்கிருந்து வரும்?

ஆதலின் அன்பர்களே, வீடு தேடி வருபவரிடம் கேட்கத்தக்க கேள்விகள் மூன்றே: வாடகை கொடுக்க வருமானம் உண்டா? வீட்டைச் செம்மையாய் வைப்பீரா? எத்தனை காலம் இருப்பீர்? நான்காவது கேள்வியை நாம் முதலில் விட்டொழிப்போம். பிறகு அதனைப் பிறரும் விடவேண்டுமென்று தலைநிமிர்ந்து கேட்போம்.