அப்பாலும் அடிச்சார்ந்தார்

சுந்தரமூர்த்தி நாயனாரைத் தம்பிரான் தோழர் என்று சைவ உலகம் போற்றுகின்றது. அவர் இரு வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவர் என்பதைச் சிந்திப்போர் குறைவு. திருநாவலூரிலே ஆதிசைவர் குலத்தில், சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகத் தோன்றியவர் நம்பியாரூரர். தெருவிலே சிறுதேர் உருட்டி விளையாடிய அக்குழந்தையை அந்நாட்டு மன்னர் நரசிங்க முனையரையர் கண்டார். பெற்றோரிடம் கேட்டுப் பெற்று, அரண்மனையிலே தம் மகனாக வளர்த்தார். குலத்துக்குரிய வேதநெறியும் அரசர்க்குரிய சிறப்பும் ஒருங்கே அவரிடம் அமைந்தன.

அவர் எந்த வீட்டுக்கு உரியவர்? இதற்கு அவர் பாடிய திருத்தொண்டத்தொகையே விடை. அதிலே வளர்த்த நரசிங்க முனையரையரை அடியார் வரிசையில் வைத்து வணங்குகின்றார். பதிகத்தின் நிறைவிலே, பெற்ற தாய் தந்தையரின் பெயர் சொல்லித் தம்மை அவர்கள் மகனென்கின்றார். ஒரு வீட்டைக் கொள்வதற்காக மற்ற வீட்டை அவர் கைவிடவில்லை.

அப்பதிகம் பிறந்த வரலாறும் சிந்திக்கத்தக்கது. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்திலே அடியார்கள் கூடியிருந்தனர். இவர்களுக்கு அடியவனாகும் நாள் எந்நாளோ என்று உள்ளத்தில் எண்ணியபடியே சுந்தரர் இறைவனை வணங்க உள்ளே சென்றார். அவர் நெஞ்சில் இருந்த வணக்கம் பிறர் கண்ணுக்குத் தெரியவில்லை. மலைநாட்டுச் செங்குன்றூரிலிருந்து வந்த விறன்மிண்டர், அடியாரை வணங்காது செல்லும் இவர் அடியார் கூட்டத்துக்குப் புறம்பானவர் என்று கடிந்தார். இறைவனே அடியெடுத்துக் கொடுக்க, சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடினார். விறன்மிண்டரும் மகிழ்ந்தார். புறம்பானவர் என்று சொல்லப்பட்டவரே அடியார் அனைவரையும் ஒன்றுசேர்த்துப் பாடினார்.

வேடர் கண்ணப்பர், மீனவர் அதிபத்தர், பாணர் திருநீலகண்டர், அரசர் சேரமான் பெருமாள் ஆகிய யாவரும் அதில் ஒரே வரிசையில் உள்ளனர். தனியடியார் அறுபதின்மரோடு தொகையடியார் ஒன்பது கூட்டத்தினரும் இடம்பெறுகின்றனர். அவற்றுள் ஒன்று திருவாரூர்ப் பிறந்தார்; நிறைவில் வருவது அப்பாலும் அடிச்சார்ந்தார். மூவேந்தர் தமிழ்நாட்டுக்கு அப்பால் வாழ்ந்தோரும், அப்பதிகத்தில் போற்றப்பட்ட அடியார் காலத்துக்கு முன்னும் பின்னும் சிவனடி சேர்ந்தோருமே இவர்கள் என்று சேக்கிழார் பெருமான் விளக்குகின்றார். ஊரிலே பிறந்தவருக்கும் இடமுண்டு. ஊருக்கு அப்பால் உள்ளவருக்கும் இடமுண்டு.

1983 ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் ஈழத்துச் சைவக் குடும்பங்கள் பல, கடல் கடந்து சென்று வேரூன்றின. சென்ற இடத்திலும் கோயில் அமைத்தே வாழ்ந்தன. ஜேர்மனியின் ஹம் நகரிலே காமாட்சி அம்பாள் ஆலயம் 2002 இல் கும்பாபிஷேகம் கண்டது. அந்நாடுகளிலே பிறந்த பிள்ளைகள் பாடசாலையில் ஒரு மொழியும் வீட்டில் வேறொரு மொழியுமாக வளர்கின்றனர். அங்கே அவர்களை இலங்கையார் என்கின்றனர். திருவிழாவுக்கு ஊர் வந்தால் இங்கே வெளிநாட்டார் என்கின்றனர். இரண்டிடத்திலும் விருந்தாளியாகவே நிற்கும் அப்பிள்ளையின் மனவருத்தம் பெரிது.

தீபாராதனை வேளையில் எங்கே நிற்பது, விபூதியை எந்தக் கையால் வாங்குவது என்று அப்பிள்ளை தடுமாறலாம். மழலைத் தமிழில் தேவாரம் பாடலாம். அதைக் கேட்டுச் சிரித்தால் அப்பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. கோட்புலியார் தம் புதல்வியர் சிங்கடியையும் வனப்பகையையும் சுந்தரருக்கு அடிமைகளாகக் கொடுக்க முன்வந்தபோது, அவர் அவர்களை மகள்களாக ஏற்று, பின்னர் பதிகங்களிலே தம்மைச் சிங்கடியப்பன் என்றும் வனப்பகையப்பன் என்றும் சொல்லிக்கொண்டார். உறவு பிறப்பால் மட்டும் வருவதன்று. மனமுவந்து ஏற்பதாலும் வருவது.

ஆதலால் அடியார்களே, இவ்வாண்டு தேர்த் திருவிழாவுக்கு வரும் அப்பிள்ளைகளிடம், "எப்போது திரும்பிப் போகிறாய்?" என்று முதலிலே கேளாதீர்கள். வடக்கயிற்றிலே அருகில் ஓர் இடம் விட்டு, "வா தம்பி, வா பிள்ளை, பிடி" என்று அழையுங்கள். தேர் எல்லோர் கையாலும் நகர்வது. இருப்பிடம் தேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.