சோத்தாங்கையும் பீச்சாங்கையும்

நம் சனங்களின் பேச்சில் வலக்கை, இடக்கை என்ற சொற்கள் அவ்வளவாகப் புழங்குவதில்லை. சோத்தாங்கை, பீச்சாங்கை என்றுதான் சொல்வார்கள். ஒன்று தின்கிற கை, மற்றது குண்டி கழுவுகிற கை. எழுத்துத் தமிழ் கொஞ்சம் நாசூக்கானது. ஆனால் அதுவும் வலம் என்ற சொல்லுக்கு வலிமை, வெற்றி என்றெல்லாம் பொருள் எழுதி வைத்திருக்கிறது.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை சோற்றில் அந்தக் கையை வைத்தால் முதல் அடி வீட்டில் விழும். "பீச்சாங்கையால திங்கிறியே, சனியனே!" அப்புறம் சிலேட்டுக்கு வாத்தியாரிடம் அடி. ஆனால் அந்தப் பிள்ளை வலக்கையால் கழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இடக்கையில் அசிங்கமே படவில்லை. அப்போதும் அடி விழத்தான் செய்யும். ஆக, கை என்ன செய்தது என்பது இங்கே கேள்வியே இல்லை. எந்தப் பக்கம் முளைத்தது என்பதுதான் கேள்வி. தீட்டு என்கிற கருத்தாக்கம் முழுக்க இப்படித்தான் இயங்குகிறது. வேலையைக் காரணம் காட்டும், பிறப்பைப் பார்த்து அடிக்கும்.

உடம்பின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பது உண்மைதான், அதை மறுக்க வேண்டியதில்லை. இதயம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கல்லீரல் வலப்பக்கம். ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு எல்லாம் தலைகீழாக அமைந்துவிடும். அவர்களில் பலர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். கருவில் எது இடம் எது வலம் என்று எப்படித் தீர்மானமாகிறது? நுண்ணிய மயிர்கள் சுழன்று திரவத்தை இடப்பக்கமாகத் தள்ளுவதை 1998இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் எலிக்கருவில் கண்டார்கள். ஒரு நீரோட்டம், அவ்வளவுதான். பேச்சிழந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா, பேச்சு பெரும்பாலும் இடப்பக்க மூளையைச் சார்ந்தது என்று 1865இல் எழுதினார். வலக்கையை இயக்குவதும் அந்த இடப்பக்க மூளைதான். வலது உசத்தி என்பவர்கள் இதை என்ன செய்வார்களோ!

பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். இதையும் அறிவியலின் பெயரால் இழிவாக்கினார்கள். குற்றவாளிகளிடமும் 'காட்டுமிராண்டி'களிடமும்தான் இடக்கைப் பழக்கம் அதிகம் என்று 1903இல் எழுதினார் இத்தாலியரான லொம்புரோசோ. அளவுகோலைக் கையில் எடுக்கும் முன்பே யாரைத் தாழ்த்துவது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் ராபர்ட் எர்ட்ஸ் 1909இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார். உடம்பில் உள்ள சின்ன வித்தியாசத்தைப் புனிதம், தீட்டு என்கிற பிளவுதான் இவ்வளவு பெரிதாக ஊதிவிட்டது என்றார். 1915இல் போரில் செத்துப்போனார். நமக்கு வேண்டியவர்.

நம் மண்ணில் இது கையோடு நிற்கவில்லை. சோழர் காலம் தொட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை சாதிகளே வலங்கை, இடங்கை என்று பிரிந்து கிடந்தன. 1707இல் சென்னைப் பட்டணத்தில் எந்தத் தெருவில் எவன் ஊர்வலம் போவது என்று அடித்துக்கொண்டார்கள். பறையர் வலங்கை, பள்ளரும் சக்கிலியரும் இடங்கை. வலங்கைப் பட்டம் கிடைத்ததால் பறையருக்கு ஊர்க்கிணறு திறந்துவிட்டதா? இல்லை. ஆனால் இடங்கைக்காரனை எதிர்த்து மல்லுக்கட்ட ஒரு காரணம் கிடைத்தது. மூன்று பேரும் சேரியில்தான் இருந்தார்கள்.

சில நல்ல மனசுக்காரர்கள் சொல்வார்கள்: சமூகம் ஓர் உடம்பு, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை, எதுவும் மட்டமில்லை என்று. கேட்க இனிக்கும். புருஷசூக்தமும் உடம்பைக் காட்டித்தான் நம் மூதாதையரை ஏய்த்தது. சாதி பிரிப்பது வேலையை அல்ல, வேலை செய்கிறவர்களை என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். பறையடிக்கிறவரைப் பாருங்கள். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் மெல்லிசான நீளக்குச்சி. இரண்டும் வேறு வேறு வேலை, ஆனால் வருகிற கூலி ஒரே வயிற்றுக்குப் போகிறது. அங்கே வேலைப் பிரிவினை என்றால் அர்த்தம் உண்டு.

பீச்சாங்கைக்குக்கூட ஒரு சலுகை இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினால் அது பிள்ளையைத் தூக்கலாம், சாமிக்கு விளக்கேற்றும்போது சோத்தாங்கையோடு சேர்ந்து கும்பிடலாம். மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் இறக்குகிறார்கள், செத்துக்கொண்டும் இருக்கிறார்கள். உயிரோடு ஏறி வந்தவர் தலைமுழுகிவிட்டுத் தெருவில் நடந்தால், குடிக்கத் தண்ணீர் கேட்டால், அதைச் சொம்பில் கொடுப்பதா, அவர் கையைக் குவிக்கச் சொல்லி ஊற்றுவதா என்று யோசிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. குவிக்கும்போது இரண்டு கையையும் சேர்த்துத்தான் குவிக்கிறார்.