விட்டுப்போனதைக் கேட்பதும் இல்லாததைச் சேர்ப்பதும்

டெக்ஸாஸ், கொலராடோ மாநிலங்களில் ஆலங்கட்டி மழை பெய்த மறுநாளே கூரை ஒப்பந்ததாரர்கள் ஏணியும் கையுமாகத் தெருத்தெருவாக வந்துவிடுவார்கள். 2017 மே 8 அன்று டென்வர் வட்டாரத்தில் பெய்த ஒரு மழைக்கு மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் 200 கோடி டாலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. கம்பெனியின் முதல் மதிப்பீடு வந்தபிறகு, அதில் விடுபட்டதைக் கேட்டு ஒப்பந்ததாரர் தயாரிக்கும் கூடுதல் கோரிக்கைக்கு ‘சப்ளிமென்ட்’ என்று பெயர். அது எதுவரை நியாயம், எங்கே களவாகிறது?

கூடுதலாகக் கேட்பதே பேராசை என்று நினைப்பது தவறு. சேதத்தை மதிப்பிட வரும் கம்பெனியின் அட்ஜஸ்டர் கூரையில் ஏறி, பத்தடிக்குப் பத்தடி சதுரம் ஒன்றைச் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் அடிபட்ட தடங்களை வட்டமிட்டு எண்ணுகிறார். கூரையின் மேல் வேயும் ஷிங்கிள் தகடுகளுக்கு அடியில் இருப்பது அவர் கண்ணில் படாது. கூரை விளிம்பில் தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் தகரப்பட்டி பழைய வீடுகள் பலவற்றில் இருப்பதில்லை; இன்றைய கட்டட விதி அதைக் கேட்கிறது. விதிமாற்றச் செலவுக்குப் பாலிசியில் இடமிருந்தால் அதைக் கேட்டு வாங்குவது வீட்டுக்காரரின் உரிமை. கேட்கத் தயங்கும் ஒப்பந்ததாரர் பட்டியைப் போடாமல் விடுவார், இல்லையென்றால் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டுவார். ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியவருக்கு இரண்டுமே துரோகம்தான்.

சோதனை வருவது பழைய ஷிங்கிளை உரித்து அடியிலுள்ள பலகை தெரிந்த பிறகு. ஆலங்கட்டி பொத்தலிட்ட இடத்தில் அண்மையில் நனைந்த பலகை வேறு. பல வருடக் கசிவில் கறுத்து, விரல் வைத்தால் பொடியும் பலகை வேறு. முன்னது புயலின் சேதம். பின்னது பராமரிப்புக் குறை, பொதுவாகப் பாலிசி அதற்குப் பொறுப்பேற்காது. ஆனால் கேமராவை நெருக்கிப் பிடித்தால் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு பொய்யும் எழுதாமலே பொய்க் கோரிக்கை அனுப்பிவிடலாம். யாரும் எட்டிப் பார்க்காத இந்த இடத்தில்தான் ஒப்பந்ததாரரின் நேர்மை தெரியவரும்.

இரக்கத்தின் பெயரால் வரும் தவறும் உண்டு. டிடக்டிபிள் என்பது இழப்பில் வீட்டுக்காரர் தாங்க வேண்டிய பங்கு. 3 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் 6,000 டாலர். தனியாக வாழும் ஒரு மூதாட்டிக்கு இது பெரிய பாரம். சப்ளிமென்டில் நாலு வரி கூட்டி அதை ஈடுகட்டினால் என்ன என்று தோன்றும். அந்த மனம் புரிகிறது. செயலை ஏற்க முடியாது. ஒப்பந்ததாரர் கொடுப்பது தம் பணமல்ல, அதே ஊரில் பிரீமியம் கட்டும் மற்றவர்களின் பணம். பொய்க் கோரிக்கையும் அந்த மூதாட்டியின் பெயரில்தான் போகிறது. டிடக்டிபிளை ஒப்பந்ததாரர் இப்படி ஈடுகட்டுவதை டெக்ஸாஸ் 2019 முதல் குற்றமாக்கியிருக்கிறது. அதைத் தவணையாகக் கட்ட அந்தச் சட்டமே வழிவிடுகிறது. உதவ நினைப்பவருக்கு அந்த வழி போதும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி ஒன்று. அட்ஜஸ்டர் கூரையின் அளவைத் தவறுதலாகக் கூட்டி எழுதியிருந்தால்? குறைந்ததற்குக் கடிதம் எழுதுபவர்கள் கூடியதற்கு எழுதுவதில்லை. ‘அவர்கள் ஆள் செய்த பிழை, மற்ற வீடுகளில் அவர்கள் குறைக்கவில்லையா’ என்பார்கள். குறைப்பது உண்மைதான். ஆனாலும் ஒரு வீட்டில் நடந்த அநியாயத்தை இன்னொரு வீட்டின் கணக்கில் தீர்க்க முடியாது. கூரையின் பழமைக்காக முதலில் பிடித்துவைத்த தேய்மானத் தொகையைக் கம்பெனி விடுவிப்பது பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் இறுதி பில்லைப் பார்த்துத்தான். போடாத ஷிங்கிளை அந்த பில்லில் ஏற்றினால், அட்ஜஸ்டரின் பிழை ஒப்பந்ததாரரின் பொய்யாகிவிடுகிறது. படமும் அளவும் காட்டி விடுபட்டதைக் கேட்பவர், அதே படமும் அளவும் தமக்கு எதிராக நிற்கும்போதும் அவற்றை அனுப்பக் கடமைப்பட்டவர்.

டல்லாஸ் புறநகர்களில் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் ஒப்பந்ததாரரிடம் சப்ளிமென்டின் நகலையும் அதோடு போகும் படங்களையும் கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வரியும் உங்கள் கூரையில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.