ஆற்றங்கரைக் கடன்

யூன் மாதம் ஐந்தாம் திகதி வந்தால் எம்மவரிடையே மரநடுகை தொடங்கிவிடும். சுற்றாடல் தினம் அல்லவா? பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிற்க, பிரமுகர் ஒருவர் கன்றைக் குழியில் வைத்து, வாளியால் நீர் வார்த்து, படத்துக்கு முகம் கொடுப்பார். ஆனால் வடபுலத்தில் யூன் என்பது சோளகம் வீசும் காலம். ஐப்பசி பிறக்கும்வரை மழையை நம்ப முடியாது. அன்று நட்ட கன்றுக்கு மறுநாள் நீர் வார்ப்பது யார் என்று எவரும் வினவுவதில்லை. ஆவணியில் போய்ப் பார்த்தால் குழி இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், கன்று இராது.

எமது பங்கிலும் இரண்டாண்டுகளுக்கு முன் அப்படித்தான் நடந்தது. ஞாயிறு பூசைக்குப் பின் இளைஞரும் பெண்களுமாக அருவி ஆற்றங்கரைக்குப் போய்ச் சிரமதானமாக மருதங்கன்றுகள் நட்டோம். நல்ல மனத்தோடுதான் செய்தோம். அடுத்த பெருநாளுக்கு முன் கால்வாசிக் கன்றுகூட மிஞ்சவில்லை. அந்தத் தோல்வியைவிட அன்று கரையில் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விதான் இன்றுவரை மனத்தை அரிக்கிறது. அதைச் சொல்லுமுன் ஆற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்று அழைக்கும் இந்த ஆறு றிட்டிகல மலைப் பக்கத்தில் பிறந்து, அநுராதபுரத்தைத் தாண்டி, 164 கிலோமீற்றர் ஓடி, மன்னார்க் கடலில் கலக்கிறது. இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு இதுவே. தேக்கம் என்னுமிடத்தில் மறித்துத் திருப்பப்படும் இதன் நீர்தான் கட்டுக்கரைக் குளத்துக்குப் போகிறது; அந்தக் குளத்தை நம்பி வயல் செய்பவர் எத்தனையோ பேர். இவ்வளவு நீரையும் சுமக்கும் கரையைப் பிடித்து வைத்திருப்பது மரங்களின் வேர்.

அவற்றுள் முதன்மையானது மருது. மருதனார்மடம், மருதங்கேணி, மருதமுனை என்று ஊர்ப்பெயர்களிலேயே அது நிற்கிறது. நீர் தேங்கினாலும் அழுகாது, வெள்ளம் வந்தாலும் சாயாது. பட்டையைச் சுட்டெடுத்த சாம்பலைச் சுண்ணாம்பாக வெற்றிலையோடு போட்ட காலமும் ஒன்று இருந்தது. மருதும் நாவலும் புங்கும் நெருங்கி நிற்கும் கரையில், மேட்டு நிலத்திலிருந்து அடித்துவரும் மண் வேரிலும் சருகிலும் சிக்கி நின்றுவிடும். நிழலால் நீர் குளிரும், மீன் குஞ்சு தங்கும். மரம் போன கரையோ ஒவ்வொரு மாரியிலும் அடி அடியாக இடிந்து விழுகிறது. அந்த மண் கீழே குளங்களிலும் வாய்க்கால்களிலும் போய்ப் படிகிறது.

இனி அந்தக் கேள்வி. நாங்கள் குழி தோண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வயது முதிர்ந்த ஒருவர் மிளகாய்த் தோட்டம் செய்கிறார். ஆற்றோரத்து ஒதுக்கு நிலம் அரசாங்கத்துக்கு உரியது என்பது அவருக்கும் தெரியும். வேறு நிலம் அவருக்கு இல்லை. அவர் மண்வெட்டியைக் கையில் பிடித்தபடி சொன்னார்: "மாஸ்ரர், நீங்கள் புண்ணியத்துக்கு மரம் நட வந்திருக்கிறியள். நல்லது. ஆனால் அந்தப் புண்ணியத்துக்கு என்ரை நாலு பாத்தியை ஏன் எடுக்கிறியள்? இஞ்ச நிண்ட மருதை நானோ வெட்டினனான்?"

சட்டத்தைச் சொல்லி அவரை வாயடைக்கச் செய்திருக்கலாம். ஆனால் அது மறுமொழி ஆகாது. அவர் கேட்டது நீதியைப் பற்றி. அழிந்ததை மீட்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை; அந்த மீட்புக்கான விலையைக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதே கேள்வி.

மருதை யார் வெட்டினார்? விசாரித்துப் போனால் குற்றவாளி என்று ஒருவரும் அகப்பட மாட்டார். வள்ளம் செய்ய ஒரு மரம், வீட்டு வளைக்கு ஒரு மரம், சூளைக்கு ஒரு வண்டில் விறகு. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அடுப்பெரிக்க வெட்டின. இந்தக் கடைசிக் கூட்டத்தை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன். கடும் இக்கட்டில் இருப்பவன் தன் உயிர் காக்கத் தேவையானதைப் பிறர் செல்வத்திலிருந்து எடுத்துக்கொள்ள உரிமையுடையவன் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கமே ஏற்றுக்கொண்டது. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச விறகு முறித்த தாய் திருடியவள் அல்லள்.

மற்றவர்களோ? ஒவ்வொருவரும் எடுத்தது சிறிது. இங்கே பழைய ஒழுக்கவியல் நூல்கள் பேசிய ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. சிறு சிறு திருட்டுகளால் பெருந்தொகை சேர்த்தவன், ஒவ்வொரு திருட்டும் அற்பமானது என்பதால், அதனைத் திருப்பிக் கொடாவிட்டாலும் அவனுக்குச் சாவான பாவம் இல்லை என்று சிலர் கற்பித்தனர். 1679ஆம் ஆண்டில் பதினோராம் இன்னொசெந்து பாப்பரசர் கண்டித்த 65 கூற்றுக்களுள் இதுவும் ஒன்று. பத்துக் களங்களில் ஒவ்வொரு கைப்பிடி நெல் எடுத்தவன், மூட்டை நிரம்பியபின், நான் எடுத்தது கைப்பிடிதானே என்று சொல்ல முடியாது.

எமது வழக்கு இதனைத் திருப்பிப் போட்டது போன்றது. இங்கே திருடன் ஒருவன் அல்லன். ஆயிரம் பேர், ஆளுக்கு ஒரு கைப்பிடி, ஒரே களத்திலிருந்து. எவரும் கூடிப் பேசிச் சதி செய்யவில்லை. ஆகவே களம் வெறுமையானதற்கு முழுப் பொறுப்பையும் ஒருவர் தலையில் கட்ட முடியாது. இதை வைத்தே, அப்படியானால் எவருக்குமே கடன் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். அதுதான் பிசகு. தெரியாமல் எடுத்த கைப்பிடிக்குத் தெரியாமை ஓரளவு சாட்டாகலாம். என்னோடு சேர்த்து ஆயிரம் கைகள் அந்தக் களத்தில் இருக்கின்றன என்று தெரிந்தபின் எடுக்கும் கைப்பிடிக்கு அந்தச் சாட்டும் இல்லை.

மரத்தோடு மணலும் போயிற்று. என் வீட்டு மதிலுக்கு இரண்டு லொறி ஆற்று மணல் வந்தது. எந்த வளைவிலிருந்து அள்ளினார்கள் என்று நான் கேட்கவில்லை; விலை மலிவா என்று மட்டும் கேட்டேன். கரையைக் குடைந்து மணல் அள்ளினால் கரையில் நிற்கும் மரமும் வேரோடு சரியும். இதை வாசிக்கும் குடும்பங்களில் கல்வீடு கட்டியோர் தம் வீட்டு மணலைப் பற்றியும் நினைத்துப் பார்க்கலாம். அந்த மிளகாய்த் தோட்டக்காரர் இன்றும் கிடுகால் வேய்ந்த வீட்டில்தான் இருக்கிறார். ஆற்றிடம் பட்ட கடனைக் கணக்கெடுத்தால், எம் பெயர்கள் முன்னாலும் அவர் பெயர் வெகு தூரம் பின்னாலும் வரும். நாமோ எமது கடனை அவருடைய பாத்தியிலிருந்து அறவிடப் போனோம். அதற்குப் புண்ணியம் என்றும் பெயர் வைத்தோம்.

மறைந்த பிரான்சிஸ் பாப்பரசர் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் செல்வ நாடுகளுக்கும் வறிய நாடுகளுக்கும் இடையே சூழலியற் கடன் ஒன்று உண்டு என்று எழுதினார். அதை வாசித்தபோது வெளிநாட்டாரைச் சுட்டி மகிழ்ந்தோம். ஒரே பங்குக்குள்ளும் அப்படி ஒரு கடன் இருக்கலாம் என்று எமக்குத் தோன்றவில்லை.

அப்படியாயின் கரையை இடிய விட்டுவிடுவதா? இல்லை. கென்யாவில் வங்காரி மாத்தாய் அம்மையார் செய்ததைப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கக் கன்னியரிடம் படித்து, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் திரும்பியபோது, சிறுவயதில் தாம் விளையாடிய ஓடை வற்றிக் கிடக்கக் கண்டார். அதன் ஊற்றருகே நின்ற பெரிய அத்தி மரத்தைத் தேயிலை நடுவதற்காக வெட்டிவிட்டார்கள். அம்மையார் 1977இல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். அதில் ஏழைக் கிராமப் பெண்கள் நாற்று வளர்த்து நட்டார்கள். அவர்களுக்குச் சிறுதொகை கொடுக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது இதுதான்: நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்து நின்ற கன்றுக்கே கூலி. கோடிக்கணக்கான மரங்கள் அப்படி எழுந்தன. 2004இல் அவருக்குச் சமாதான நோபல் பரிசு கிடைத்தது.

கூலி கொடுத்தால் தொண்டின் தூய்மை கெடும் என்று எமது கூட்டத்தில் ஒருவர் வாதாடினார். எனக்கு அது ஏற்கவில்லை. கடனைத் திருப்பிக் கொடுப்பதில் தூய்மையென்ன, தொண்டென்ன? வெயிலில் நீர் சுமப்பவர் கையில் அது கூலி; எமது கையிலிருந்து போகும்போது அது கடன்பணம். ஒரே காசுதான்.

சென்ற மாதம் அந்த முதியவரிடம் மீண்டும் போனோம். இம்முறை மண்வெட்டி கொண்டு போகவில்லை. நீரோரமாக ஒரு வரிசை மட்டும் மருது. மேலே அவருடைய பாத்திகள் அப்படியே இருக்கும். பிழைக்கும் கன்று ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் பங்கிலிருந்து பணம் கொடுக்கப்படும் என்று சொன்னோம். நெடுநேரம் வெற்றிலையை மென்றார்.

"கண்டைக் கொண்டுவர முதல் கதியாலும் முள்ளுக்கம்பியும் கொண்டு வாங்கோ," என்றார். "போனமுறை ஆடு தானே திண்டது. ஆடென்ன ஞானஸ்நானம் பெற்றதோ, பூசைக்குப் பிறகு நட்டதெண்டு தின்னாமல் விட?"

ஐப்பசிக்கு இன்னும் ஆறு கிழமை. கதியால் வெட்ட ஆள் பேசியாயிற்று. முள்ளுக்கம்பிக்கு இன்னும் பணம் போதவில்லை.