துணைவேந்தரின் நாளும் சித்ரகுப்தன் கணக்கும்

சூளகிரி சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்குப் பஞ்ச் விழும்போதுதான் நாள் தொடங்குகிறது. ஏ ஷிப்ட் என்றால் இருட்டோடு எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கேட்டில் விரலையோ முகத்தையோ காட்டியதும் நேரம் பதிவாகிவிடும். சில நிமிடம் பிந்தினாலும் அது மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் தெரியும். பக்கத்து ஓசூரிலோ நேரத்தைக் காட்டும் கருவியே தயாராகிறது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன் தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது.

பதவி உயர உயர இந்தப் பதிவு மெலிந்துகொண்டே போகிறது. மெஷின் ஆபரேட்டர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்பதற்குக் கணினியில் சான்று உண்டு. அவர் மகள் படிக்கும் கல்லூரியை இணைத்து வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நேற்று யாரைச் சந்தித்தார் என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே சில பல்கலைக்கழகங்களின் ஆவணக் காப்பகங்களில் பழைய பல்கலைக்கழகத் தலைவர்களின் கடிதங்களோடு அவர்களுடைய அன்றாட நிகழ்ச்சி நிரல்களும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பத்து மணிக்கு நிதிக்குழு, பதினொன்றுக்கு நன்கொடையாளர், ஒரு மணிக்கு மதிய விருந்து என்று வரிகள் ஓடும். நாட்டின் தலைமைக்கும் அங்கே இதே பழக்கம்தான். ஆஸ்டினில் உள்ள ஜான்சன் நூலகத்தில் அதிபர் லிண்டன் ஜான்சனின் நாட்பதிவு, தொலைபேசி அழைப்புகள் உட்பட, நிமிடக் கணக்கில் இருக்கிறது.

இத்தனையும் படித்தால் அந்த மனிதரைப் பற்றி என்ன தெரியும்? ஒருவர் செய்ததை வைத்து அவரை எடைபோடுவதா, செய்தபோது இருந்த நினைப்பை வைத்தா?

இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வயது. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில் சமணத் துறவி ஒருவரும் புத்தரும் இதைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள். உடலால் செய்யும் தீவினை, சொல்லால் செய்வது, மனத்தால் செய்வது என்ற மூன்றில் எது பெரிது? உடலால் செய்வதே என்கிறார் சமணர். மனத்தால் செய்வதே என்கிறார் புத்தர். இஸ்லாமிய மரபில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. மனிதன் செய்வதை எல்லாம் எழுதிக்கொள்ளும் வானவர்கள் உண்டு. அதே சமயம், புகாரியின் நபிமொழித் தொகுப்பு தொடங்குவதே செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்ற செய்தியோடுதான். காஞ்சிபுரத்தில் தனிக்கோயில் கொண்டிருக்கும் சித்ரகுப்தனுக்கும் கையில் ஏடும் எழுத்தாணியும் உண்டு. சித்ரா பௌர்ணமிக்கு அவரை வணங்குகிறவர்கள் அந்த ஏட்டில் வெறும் வருகைப்பதிவு இருப்பதாக நம்புவதில்லை.

நிகழ்ச்சி நிரல் சமணர் கட்சியைச் சேர்ந்தது. உடல் எங்கே இருந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளலாம். திருத்தணியில் பிறந்து, வேலூரிலும் சென்னையிலும் படித்த அவர் 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1936-இல் ஏற்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவியும் உடன் இருந்தது. தொடக்கத்தில் கல்கத்தா பேராசிரியர் பதவியையும் விடவில்லை. காசியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கீதை உரை நிகழ்த்தினார். அந்த நாட்களின் நிரலில் இதற்கு ஒரே வரிதான் இருக்க முடியும்: ஞாயிறு, கீதை உரை. பலனில் பற்றில்லாமல் செய் என்று பேசியவர், எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்து உள்ளுக்குள் மகிழ்ந்தாரா என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. அவர் மகனும் வரலாற்றாசிரியருமான சர்வபள்ளி கோபால் 1989-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில், தந்தையின் சாதனைகளோடு மணவாழ்க்கைக்கு வெளியே அவருக்கு இருந்த உறவுகளையும் மறைக்காமல் எழுதினார். நிரலை மட்டும் நம்பியிருந்தால் அந்த நூல் பிறந்திருக்காது.

நிரல் வெறுமையாக இருந்த நாட்களும் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமர், மேற்கு வங்க ஆளுநர், இந்தியாவின் கவர்னர் ஜெனரல் என்று நிமிடம் விடாமல் சந்திப்புகள் நிறைந்த பதவிகளில் இருந்தார். ஆனால் இன்றும் பலர் எடுத்துக்காட்டும் பக்கம் 1922 ஜனவரியில் வேலூர்ச் சிறையில் எழுதியது. சுதந்திரம் வந்தாலும் தேர்தலும் ஊழலும் பணபலமும் திறமையற்ற நிர்வாகமும் மக்களைப் படுத்தும் என்று விடுதலைக்கு 25 ஆண்டு முன்பே அதில் எழுதிவைத்தார். அன்றைக்கு அவரைப் பார்க்கக் காத்திருந்த தூதுக்குழு எதுவும் இல்லை. வேலை நேரம் பார்க்கும் கணக்கன் அதை வெட்டியாகப் போன நாள் என்றுதான் குறித்திருப்பான்.

அப்படியானால் நிரலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? இங்கேதான் ஒரு சிக்கல். மனத்தின் கணக்கே பெரிது என்ற வாதம் அதிகாரத்தில் இருப்பவருக்கு மிக வசதியானது. "என் எண்ணம் சுத்தம்" என்று யாரும் சொல்லலாம். சரிபார்க்க ஆள் கிடையாது. உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் வாங்கினார் என்ற புகாரில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரை 2018 பிப்ரவரியில் லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் யாரும் ஆன்ம பரிசோதனை நடத்துவதில்லை. யார் வந்தார், எப்போது வந்தார், நேர்காணலுக்கு முன்பா பின்பா என்றுதான் கேட்கிறார்கள்.

2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தக் கேள்வியைச் சாதாரணக் குடிமகன் கையில் கொடுத்தது. தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க அதில் 8(1)(j) பிரிவு இருந்தது. பரந்த பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற வாசகமும் அதே பிரிவில் இருந்தது. 2023-இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தை நீக்கித் திருத்தம் கொண்டுவந்தது. பொதுநலன் கருதித் தகவல் தரும் வழி 8(2) பிரிவில் இன்னும் இருக்கிறது, ஆனாலும் மறுக்க நினைக்கும் அதிகாரிக்கு வேலை எளிதாகிவிட்டது. துணைவேந்தர் அலுவலக அறையில், அரசுச் சம்பளத்தில் செலவிட்ட நேரத்தை அவருடைய அந்தரங்கம் என்று வாதிட இனி இடமுண்டு.

இரண்டு கணக்குகளுக்கும் வாசகர்கள் வேறு. எண்ணத்தின் கணக்கைத் தெய்வமோ மனச்சாட்சியோ, கோபாலைப் போன்ற ஒரு வரலாற்றாசிரியரோ பார்த்துக்கொள்ளட்டும். நேரத்தின் கணக்கைப் பார்க்க வேண்டியவர்கள் மாணவர்களும் பெற்றோரும். சூளகிரி இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அங்கேயோ வேறெங்கேயோ ஒரு துணைவேந்தரின் வாராந்தரச் சந்திப்புப் பட்டியல், ஒப்பந்தக்காரர், பணி கேட்டு வந்தவர், அரசியல்வாதி என்ற பெயர்களோடு இணையத்தில் வெளியானால் அதைப் படிக்கச் சூளகிரி மாணவிக்கு வேதாந்தம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவள் அப்பாவின் பஞ்ச் நேரத்தைக் கம்பெனி படிப்பது போலப் படித்தால் போதும்.