அளந்த ஆழமும் வரைந்த ஆழமும்

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதையைக் கடந்து, பாறைகளின்மீது அமர்ந்து மாலைக் கடலை நோக்குவோர் காண்பது நீரின் மேற்பரப்பை மட்டுமே. கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தினுள் நுழையும் கப்பற்றலைவனின் கண்ணும் அதற்குமேற் செல்வதில்லை. அவன் நம்பி வருவது பிறர் அளந்து குறித்த எண்களையே. அளந்தவர், தாம் அளக்காத இடத்தையும் அளந்ததுபோற் காட்டலாமோ என்பது சிந்தித்தற்குரியது.

முற்காலத்தில் ஈயக்குண்டைக் கயிற்றிற் கட்டி இறக்கி ஆழம் கண்டனர். கண்ட எண்ணைக் கடல் வரைபடத்தில் அவ்விடத்தே பொறித்தனர். எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே வெறுந்தாள் கிடந்தது. அவ்வெண்மை, குண்டு இறங்காத இடம் இதுவென்று எவருக்கும் சொல்லிற்று. எவரும் எண்ணிச் செய்ததன்றெனினும் அது நேர்மையே.

இன்றைய முப்பரிமாணப் படத்தில் அவ்வெண்மைக்கு இடமில்லை. 2024இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவன அறிவியலாளர் வெளியிட்ட இராமர் பாலப் படத்தைச் சான்றாகக் கொள்ளலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 29 கிலோமீற்றர் நீளும் அத்திட்டில் நூற்றுக்கு 99.98 பங்கு நீருள் அமிழ்ந்துள்ளது. அமெரிக்கச் செய்மதியொன்று பாய்ச்சிய பச்சை லேசர் ஒளி, நீர்ப்பரப்பிற் பட்டு மீண்ட நேரத்துக்கும் அடித்தளத்திற் பட்டு மீண்ட நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டால் ஆழம் கணிக்கப்பட்டது. செய்மதியோ கோடு கோடாகவே அளந்து செல்வது. இடைப்பட்டதைக் கணிதமே நிரப்பும். ஒளி தொட்ட இடம் எது, கணக்கு நிரப்பிய இடம் எது எனப் படத்தைப் பார்ப்பவன் பிரித்தறிய இயலாது. (அத்திட்டு இயற்கையா, எவரேனும் கட்டியதா என்ற பழைய வழக்கைப் படம் தீர்க்கும் என்போரும் உளர். உருவத்தைச் சொல்வதன்றி உருவாக்கியவரைச் சொல்வது படத்தின் தொழிலன்று.)

நிரப்புதல் பொய்யாகுமா? ஆகாது. மனிதக் கண்ணிலேயே ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. அதனை மனம் நிரப்பியே உலகைக் காண்கிறது. நிரப்ப மறுப்பவனிடம் சிதறிய புள்ளிகளே எஞ்சும்.

ஆயினும் 2005 ஜனவரி 8ஆம் திகதி நிகழ்ந்ததை மறத்தற்கில்லை. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலான 'சான் பிரான்சிஸ்கோ', குவாம் தீவின் தென்கிழக்கே கடலடி மலையொன்றில் பெருவேகத்துடன் மோதிற்று. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். கப்பல் பின்பற்றிய வரைபடத்தில் அவ்விடத்தே மலை இல்லை. கப்பலிலிருந்த வேறு வரைபடமோ அயலில் ஆபத்துண்டெனக் காட்டிற்று. அதனைப் பாராத தலைவர் பதவியிழந்தார். பார்ப்பவனுக்கும் கடமையுண்டு என்பது சரியே. ஆனால், ஐயுறுதற்கு ஓர் அடையாளமேனும் இல்லாத படத்தை அவன் எங்ஙனம் ஐயுறுவான்?

உலகக் கடலடியில் 2025 வரை நேரே அளக்கப்பட்டது கால்பங்கைச் சற்றே தாண்டும். உலகப் படத்திலோ மலைத்தொடரும் பள்ளமும் இடைவெளியின்றிக் காட்சி தருகின்றன. அப்படத்தை ஆக்கும் பன்னாட்டு அமைப்பு, எக்கட்டம் அளந்தது, எக்கட்டம் ஊகித்தது எனக் குறிக்கும் துணைப்படமொன்றையும் உடன் வெளியிடுகிறது. அக்குறி முதற்படத்திலேயே இடம்பெறுதல் வேண்டும். சுவரில் மாட்டப்படுவது துணைப்படமன்று.