தாங்கலின் கிணறு

கொல்லம் 1008 மாசி 20-ல், அதாவது 1833-ல், செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டர் எழுந்தருளி தெச்சணம் வந்தார். அன்று அவரை நம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிப் பிழைத்த குடிகள். அரசுக்குச் செய்த ஊழியத்துக்குக் கூலி கிடையாது. ஆனால் தலைக்கு வரி உண்டு. ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள உரிமை இல்லை. ஒரு பருவம் மழை பொய்த்தால் கடன்பட்டே கஞ்சி குடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மக்களை நிமிர்த்த அய்யா படை திரட்டவில்லை, பொன் குவிக்கவுமில்லை. சாமிதோப்பில் முத்திரிக் கிணற்றைத் தந்தார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் குளித்து, அதே நீரைப் பருகினார்கள். இன்றும் முத்திரிப்பதம் விட்டபிறகே அன்பர்கள் பதிக்குள் போகிறார்கள். பிறர் தயவை எதிர்பார்க்காமல் தண்ணீர் குடிக்கிறவனைத்தான் அச்சமில்லாமல் நில் என்று சொல்லமுடியும்.

அடுத்தது துவையல் தவசு. எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக் கடற்கரையில் கூட்டிவைத்தார். பின்பு முட்டப்பதியிலும் அது தொடர்ந்தது. நாளைக்கு மூன்று வேளை குளிக்க வேண்டும், உடுத்த துணியைத் துவைக்க வேண்டும். அரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கியதே உணவு. மீனும் இறைச்சியும் இல்லை. இதை உடல் சுத்தத்துக்கான விரதம் என்று மட்டும் படிக்கிறவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். யாருக்கு யார் உறவென்று அறியாத குடும்பங்கள் ஒரே பந்தியில் உண்டன. குறைந்ததைக் கொண்டு எப்படி வாழ்வது, இருப்பதை எப்படிப் பகிர்வது, சண்டையில்லாமல் ஒரே இடத்தில் எப்படி உறங்குவது என்பதெல்லாம் அந்த மணலில் படித்த பாடங்கள். தவசு முடித்த துவையல்காரர்கள் ஊர் ஊராகத் திரும்பியபோது எடுத்துப்போனது இந்தப் பழக்கத்தைத்தான்.

அப்படி எழுந்தவைதான் நிழல்தாங்கல்கள். தொடக்கத்தில் அவை ஓலைக் கூரைகளே. அங்கே உகப்படிப்பு நடந்தது. பிள்ளைகள் எழுத்தும் படித்தார்கள். பசித்து வந்தவர்க்கு அன்னமும் கிடைத்தது. உம்பான் அன்னத்துக்கு ஒரு வீடு அரிசி தரும், இன்னொரு வீடு தேங்காய் தரும், தோட்டமுள்ளவர் பூசணிக்காய் தருவார், ஒன்றுமில்லாதவர் விறகு பிளந்து கொடுப்பார். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே தனவான் அளந்துபோடும் அன்னம் அவர் வீட்டில் கேடு வந்தால் நின்றுவிடும். நூறு வீடு தரும் அன்னமோ பத்து வீடு நொடித்தாலும் நிற்காது. ஆகவே, "மொத்தச் செலவும் என்னுடையது" என்று ஒருவர் முன்வரும்போது, நன்றி சொல்லி அவர் பங்கை மட்டும் வாங்கிக்கொள்வதே தாங்கலுக்கு நல்லது. (பந்தலில் அவர் பெயரைப் பெரிதாக எழுத இடமில்லாமல் போகலாம். போகட்டும்.)

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. வாழைத்தோட்டங்கள் தரையோடு கிடந்தன, ரப்பர் மரங்கள் முறிந்தன. மின்கம்பங்கள் ஒடிந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் இருந்தன. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் ஆழ்துளைக் கிணற்றில் எவ்வளவு நீர் இருந்தும் ஒரு குடம் எடுக்கமுடியாது. அப்படிப்பட்ட நாளில் கப்பியும் கயிறும் வாளியும் உள்ள திறந்த கிணறே ஊரைக் காப்பாற்றும்.

அந்தக் கிணறுகள் இன்று எப்படி இருக்கின்றன? சில இடங்களில் சுற்றிலும் தளக்கல் பதித்து, மேலே கம்பிவலை போட்டு, பூமாலை எறியும் குழியாக்கிவிட்டார்கள். சில இடங்களில் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று மண்போட்டு மூடியும் விட்டார்கள். வாசலில் பெய்யும் மழை ஒரு சொட்டும் மண்ணில் இறங்காதபடி சிமெண்ட் பூசியபிறகு, கோடையில் லாரித் தண்ணீருக்குப் பணம் பிரிக்கிறார்கள். தாமரைகுளம் பதியின் பெயரிலேயே குளம் இருக்கிறது. குளத்தையும் கிணற்றையும் தூர்த்துவிட்டு தண்ணீருக்காக அய்யாவிடம் முறையிட்டால், அவர் எதைக் கேட்பார்?

தாங்கல் பொறுப்பாளர்கள் செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. சித்திரையில் நீர் கீழே இறங்கியிருக்கும். இடவப்பாதி மழைக்குமுன் இளைஞர்களை இறக்கித் தூர் வாரலாம். இறங்குமுன் ஒரு விளக்கைக் கீழே விட்டுப் பார்க்கவேண்டும். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது. அணையாவிட்டாலும் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கலாகாது. கூரைநீரை மணலும் சரளையும் நிரப்பிய குழிவழியே நிலத்துக்குள் விடலாம். கப்பியும் புதுக் கயிறும் வாங்கும் செலவு ஒரு ஒலிபெருக்கி வாடகைக்கும் குறைவுதான். உம்பான் அன்னத்துக்கு வரும் அரிசியில் ஒரு பங்கை எப்போதும் மூட்டையில் வைத்து, பழசை வடித்துப் புதுசை நிரப்பிவந்தால், அடுத்த புயலன்று தாங்கலில் அடுப்பு எரியும். ஊரில் தனியே இருக்கும் முதியவர்கள் யார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது பணிவிடைக்காரருக்குத் தெரிந்திருக்கவேண்டும். முதல் கஞ்சி அந்த வீடுகளுக்குத்தான் போகவேண்டும்.

அய்யா உண்டு.